கள்ளப் போதகரைக் கண்டறிந்த வரலாறு

நான் சமயப் போதகன் அல்லேன், வரலாறு கற்பிப்பவன். ஆகவே, கிறிஸ்தவ சமயத்தில் எது மெய்யான போதனை, எது பொய்யான போதனை என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. ஆனால், மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய முற்காலத்து மக்கள் எவ்வாறு முயன்றனர் என்பது வரலாற்றுக்கு உரிய பொருளே. உரோமப் பேரரசின் வரலாற்றைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் எழுந்து என்னைக் கேட்டார்: "ஐயா, முதற் கிறிஸ்தவர் காலத்தில் அச்சுப் புத்தகம் இல்லை. இன்னின்ன நூல்களே வேதநூல்கள் என்ற முடிவும் ஏற்படவில்லை. அப்படியிருக்க, ஒருவன் வாசலில் வந்து நின்று, 'நான் தேவனால் அனுப்பப்பட்டவன்' என்றால், அவன் சொல்வது மெய்யா பொய்யா என்று அவர்கள் எப்படி அறிந்தார்கள்?"

கேள்வி நல்ல கேள்வி. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பிறகு தேடிப் படித்தவற்றுள் சிலவற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அம்மாணவர் சொன்னது உண்மையே. இன்று புதிய ஏற்பாட்டில் உள்ள 27 நூல்களை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், வரிசைப்படுத்திக் கூறும் பட்டியல் முதன்முதலாகக் காணப்படுவது அலெக்சாந்திரியாவின் ஆயராகிய அத்தனாசியஸ் கி.பி. 367-இல் எழுதிய திருமடல் ஒன்றில்தான். அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுக் காலத்தில் ஒவ்வோர் ஊர்ச் சபையிடமும் சில சுருள்களும் ஏடுகளும் இருந்தன. எங்கும் ஒரே தொகுதி இருக்கவில்லை. சபைகளை இணைத்தவர்கள் ஊர் ஊராகச் சென்ற போதகர்களும் தீர்க்கதரிசிகளுமே. ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைப் பற்றி மத்தேயு சுவிசேஷம் எச்சரிக்கிறது. எந்த ஆவியையும் சோதியாமல் நம்பலாகாது என்று யோவானின் முதல் நிருபம் அறிவுறுத்துகிறது. எச்சரிக்கை இருந்தது, ஆனால், சோதிப்பது எப்படி?

இதற்கு விடை கூறும் நூல் ஒன்று பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. 1873-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோப்பிள் நகரில், எருசலேம் திருச்சபைக்கு உரிய நூலகம் ஒன்றில், பிலோதியோஸ் பிரியென்னியோஸ் என்னும் கிரேக்கத் திருச்சபை அறிஞர் பழைய கையெழுத்துப் புத்தகம் ஒன்றைக் கண்டார். லியோ என்னும் எழுத்தர் 1056-இல் படியெடுத்த புத்தகம் அது. பல சிறு நூல்கள் அடங்கிய அத்தொகுதியில், 'பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை' என்ற தலைப்புடன் சில ஏடுகளே கொண்ட ஒரு நூலும் இருந்தது. 'போதனை' என்பதற்கு உரிய கிரேக்கச் சொல்லால் 'திதாக்கே' என்றே அதனை இன்று அழைக்கிறோம். 1883-இல் பிரியென்னியோஸ் அதனை அச்சிட்டார். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, பெரும்பாலும் சிரியா நாட்டுப் பக்கத்தில், அது உருவாகியிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

திதாக்கேயைப் படிப்பவர் முதலில் வியப்படைவது அதன் எளிமையைக் கண்டுதான். ஆழ்ந்த தத்துவ விசாரணை எதுவும் அதில் இல்லை. உழவரும் கைத்தொழிலாளரும் கூடிய ஒரு சிற்றூர்ச் சபை கடைப்பிடிக்கத்தக்க விதிகளே உள்ளன. ஊருக்கு வரும் அப்போஸ்தலரைக் கர்த்தரையே வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும். அவர் ஒரு நாள் தங்கலாம். தேவையானால் மறுநாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்குவாராயின் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் சேரும்வரை வேண்டிய அப்பத்தை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டும். பணம் கேட்டால், அவரும் கள்ளத் தீர்க்கதரிசியே!

இன்னொரு விதி நம்மைச் சற்றே புன்முறுவல் பூக்கச் செய்யும். ஆவியின் வசப்பட்டதாகக் கூறி, "இங்கே ஒரு விருந்து சமையுங்கள்" என்று கட்டளையிடும் தீர்க்கதரிசி அந்த விருந்தில் தான் உண்ணலாகாது. உண்டால் அவன் பொய்யன். இத்தகைய விதியை ஒருவர் எழுதி வைத்தார் என்றால், அப்படி விருந்து கேட்டு வயிறார உண்டு போனவர்கள் சிலரேனும் இருந்திருக்க வேண்டும். சட்டத்தைப் படித்தால், அச்சட்டம் தோன்றக் காரணமான குற்றத்தை அறியலாம் என்று வரலாற்று மாணவருக்கு நாங்கள் அடிக்கடி கூறுவதுண்டு. அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆயினும் அந்நூல் வெறும் ஐயப்பாட்டைக் கற்பிக்கவில்லை. ஆவியில் பேசும் தீர்க்கதரிசியின் பேச்சை அப்போதே இடைமறித்துச் சோதிப்பது பெரும் பாவம் என்றும் அது கூறுகிறது. பின் எதனைச் சோதிப்பது? ஒழுக்கத்தை. உண்மையைப் போதித்தும் அதன்படி நடவாதவன் பொய்யன் என்பதே அதன் முடிவு. பணம் கேட்பவனுக்குச் செவிகொடாதே என்று சொன்ன அதே நூல், ஏழை எளியவருக்காகக் கேட்பவன்மீது எவரும் தீர்ப்புக் கூற வேண்டா என்றும் சொல்லுகிறது. ஊரிலேயே தங்க விரும்புகிறவன் கைத்தொழில் அறிந்தவனானால் உழைத்து உண்ணட்டும். உழைக்க மனமற்றவனைக் குறிக்கத் திதாக்கே ஒரு கூட்டுச்சொல்லை ஆள்கிறது. கிறிஸ்துவின் பெயரால் வாணிகம் நடத்துபவன் என்பது அதன் பொருள். அக்கிரேக்கச் சொல்லில் உள்ள ஏளனத்தை மொழிபெயர்ப்பில் முழுவதும் கொண்டுவர இயலவில்லை.

ஒருவரை நம்புவதற்கு முன் ஆராய்வது எப்படி என்பதற்கு வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று தனி அதிகாரமே வகுத்தார். அவர் அரசனுக்குச் சொன்னது அது. திதாக்கே சொல்வதோ, ஒரு கவளம் உணவைப் பகிர்ந்தளிக்கும் குடியானவனுக்கு.

இவ்விதிகள் வெறும் அச்சத்தால் எழுந்தவை அல்ல என்பதற்குக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவரின் சான்றும் உண்டு. சமோசாத்தா நகரத்து லூசியன், இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர், நையாண்டியில் வல்லவர். பெரிகிரீனஸ் என்பவனைப் பற்றி அவர் எழுதியுள்ளார். இவன் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவரோடு சேர்ந்து அவர்களுக்கு வழிகாட்டியாகவே ஆகிவிட்டானாம். சிறைப்பட்டபோது, விடியற்காலையிலேயே கைம்பெண்களும் அநாதைக் குழந்தைகளும் சிறைவாசலில் காத்து நின்றனராம். ஆசியப் பகுதி நகரங்களிலிருந்தும் அவனுக்கு உதவ ஆட்கள் வந்தனராம். பணமும் நிறையச் சேர்ந்ததாம். பிறகு, விலக்கப்பட்ட உணவை அவன் உண்டதைக் கண்டு சபையார் கைவிட்டனர். கி.பி. 165-இல் ஒலிம்பியா விளையாட்டு விழாவை ஒட்டி, பலர் பார்க்கத் தீயில் பாய்ந்து அவன் உயிர்விட்டான். தந்திரமுள்ள எவனும் இந்த எளிய மக்களிடம் விரைவில் செல்வனாகிவிடலாம் என்பது லூசியனின் கேலி.

இவ்விடத்தில் நான் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். அதே பெரிகிரீனஸை ஆதென்ஸ் அருகே நேரில் கண்டு உரையாடிய ஆலுஸ் கெல்லியுஸ் என்னும் உரோம எழுத்தாளர், அவனை உறுதியும் பெருமிதமும் வாய்ந்த மனிதன் என்று போற்றியிருக்கிறார். இருவருள் எவர் சொல்வது சரி? ஒருவனைப் போலி என்று சொல்பவரின் சொல்லையும் உரைத்துப் பார்த்தாக வேண்டும். நான் இனிக் கூறப்போவதெல்லாம் இதைப் பற்றியதே.

நடத்தையால் போலியை அறியலாம் என்று திதாக்கே கூறியது. நல்லொழுக்கமுடைய ஒருவர் தவறான கருத்தைப் போதித்தால் என்ன செய்வது? லியோன் நகரத்து ஆயர் ஐரனேயஸ் கி.பி. 180 அளவில் எழுதிய பெருநூல் இச்சிக்கலை எடுத்துக்கொள்கிறது. அவர் ஓர் உவமை கூறுகிறார்: மணிக்கற்களைப் பதித்து ஓர் அரசனின் உருவத்தைக் கலைஞன் ஒருவன் அமைத்திருக்கிறான், மற்றொருவன் அதே கற்களைப் பெயர்த்தெடுத்து, வேறு முறையில் அடுக்கி, நரியின் உருவமாக்கிவிட்டு, "இதுதான் அரசன்" என்கிறான். கற்கள் என்னவோ மெய்யான கற்களே! வேதச் சொற்களை வைத்தே வேதத்துக்கு மாறானதைச் சொல்லலாம் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. அவர் எதிர்த்த ஞானவாதக் கூட்டத்தாரின் நூல்கள் பல 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே 13 தொகுதிகளாக வெளிப்பட்டன. அதன் பின் ஐரனேயஸ் எங்கெங்கே நேர்மையாக எடுத்துரைத்தார், எங்கே எதிரியின் கருத்தைச் சுருக்கிவிட்டார் என்று ஒப்பிட வழி பிறந்தது. அது தனியே பேசத்தக்க பெரும் பொருள், இங்கே விடுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த மனிதர் செராப்பியன். கி.பி. 190-ஐ அடுத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தியோகியாவில் ஆயராக இருந்தவர். அவர் வாழ்வில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை, அவர் எழுதிய கடிதத்தின் பகுதியோடு, சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார்.

அந்தியோகியாவுக்கு அப்பால் கடற்கரையில் ரோசஸ் என்னும் ஊர் இருந்தது. அவ்வூர்ச் சபையில் 'பேதுருவின் சுவிசேஷம்' என்ற பெயருடைய நூல் ஒன்றைச் சிலர் படித்தனர். அதனால் பூசல் எழுந்தது. அங்குச் சென்றிருந்த செராப்பியன், எல்லாரும் நேரிய விசுவாசத்தில் நிற்பவர் என்று எண்ணி, நூலைப் புரட்டிப் பாராமலே, "உங்களுக்குள் மனவருத்தம் விளைப்பது இது ஒன்றுதான் என்றால், படித்துவிட்டுப் போங்கள்" என்னும் கருத்தில் அனுமதி அளித்துவிட்டார். ஊர் திரும்பிய பின், அந்நூலைச் சிலர் விரும்பியதற்கு உள்நோக்கம் இருந்தது என்று அவருக்குச் செய்தி எட்டியது. கிறிஸ்து மெய்யான உடலோடு துன்புறவில்லை, துன்புற்றதுபோல் தோன்றினார் என்று கொள்ளும் தோற்றவாதிகளின் கருத்து அதன் பின்னால் இருந்ததாம்.

செராப்பியன் என்ன செய்தார்? நூலை எரிக்க ஆணையிட்டாரா? இல்லை. அந்நூலைப் பயன்படுத்திய தோற்றவாதிகளிடமிருந்தே ஒரு படியைக் கேட்டு வாங்கினார். முழுவதும் படித்தார். படித்து முடித்து அவர் எழுதிய தீர்ப்பு கவனிக்கத்தக்கது: நூலின் பெரும்பகுதி மீட்பரின் சரியான போதனைக்கு இசைந்ததே, சில பகுதிகள் மட்டும் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை. அச்சில பகுதிகளைத் தனியே குறித்துச் சபைக்கு அனுப்பினார். முன்பு தாம் படியாமலே அனுமதி கொடுத்ததையும் அதே கடிதத்தில் மறைக்காமல் எழுதினார். விரைவில் தாமே வருவதாகவும் அறிவித்தார். பேதுருவையும் ஏனைய அப்போஸ்தலரையும் ஏற்கிறோம். அவர்கள் பெயரைப் பொய்யாகச் சூடிக்கொண்ட நூல்களை ஏற்கமாட்டோம் என்பது அவர் கூறிய அளவுகோல்.

உயர்ந்த பதவியில் இருப்பவர் ஒருவர், "நான் படிக்காமல் சொன்னேன், இப்போது படித்துவிட்டேன்" என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது எந்தக் காலத்திலும் எளிதில் காணக்கூடியதன்று. மாணவ நண்பர்களே, தேர்வுத்தாள் திருத்தும் எங்களைப் போன்றவர்களுக்கும் இது சற்று உறைக்கும்.

செராப்பியனின் தீர்ப்பைச் சரிபார்க்கும் வாய்ப்பும் நமக்குக் கிடைத்தது. 1886-87 குளிர்காலத்தில் மேல் எகிப்தில் அக்மீம் என்னும் இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் தோண்டியபோது, துறவி ஒருவருடையது எனக் கருதப்பட்ட கல்லறையில் தோல் ஏட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் பேதுரு தாமே பேசுவதுபோல் அமைந்த சுவிசேஷத்தின் ஒரு பகுதி இருந்தது. 1892-இல் அது வெளியாயிற்று. செராப்பியன் படித்த நூல் இதுவே என்று பெரும்பாலான அறிஞர் கொள்வர். நான் அதனை மொழிபெயர்ப்பில் படித்தேன். சிலுவைப்பாடு, உயிர்த்தெழுதல் ஆகிய செய்திகள் பெரும்பாலும் நாம் அறிந்த சுவிசேஷங்களை ஒத்தே செல்லுகின்றன. சிலுவையில் இயேசு வலியே இல்லாதவர்போல் மௌனமாக இருந்தார் என்ற ஓரிடம் வருகிறது. வானளாவிய உருவங்களும், கல்லறையிலிருந்து பின்தொடர்ந்து வந்து பேசும் சிலுவையும் வருகின்றன. 'பெரும்பகுதி சரி, சில சேர்க்கை' என்ற சொல் எவ்வளவு அளந்து சொன்ன சொல் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அந்த மௌனம் தோற்றவாதத்தைக் குறிப்பதா, வெறும் பொறுமையைக் குறிப்பதா என்பதில் அறிஞர் இன்றும் ஒன்றுபடவில்லை. செராப்பியனும் நூல் முழுவதும் பொய் என்று சொல்லவில்லை அல்லவா?

இனி நான் கூறவேண்டியது இரு நூற்றாண்டு கழித்து நடந்தது. அதற்குள் உலகம் மாறிவிட்டது. 313-இல் கிறிஸ்தவ சமயத்துக்கு உரோமப் பேரரசில் உரிமை கிடைத்தது. 380-இல் பேரரசர் தியோடோசியஸ் அதனையே அரசு ஏற்ற சமயமாக்கும் ஆணையைப் பிறப்பித்தார். கள்ளப் போதகனைக் கண்டால் கதவை அடைக்க மட்டுமே முடிந்த சபையாருக்கு, இப்போது நீதிபதியும் காவலனும் துணை.

ஸ்பெயின் நாட்டில் பிரிசில்லியன் என்னும் உயர்குடிச் செல்வர் ஒருவர் இருந்தார். கற்றவர், நாவன்மை உடையவர், கடுந்தவ வாழ்க்கை மேற்கொண்டவர். நோன்பையும் துறவையும் வேத ஆராய்ச்சியையும் அவர் வற்புறுத்தினார். ஆண்களும் பெண்களும் திரளாக அவரைப் பின்பற்றினர். வேதத் தொகுதியில் சேராத நூல்களையும் அவர்கள் படித்தனர், தனியிடங்களில் கூடினர். ஆயர் சிலருக்கு ஐயம் எழுந்தது. 380-இல் சரகோசா நகரில் கூடிய ஆயர் மன்றம் இத்தகைய பழக்கங்களைக் கண்டித்தது. ஆயினும் 381-இல் அவர் ஆவிலா நகரின் ஆயராக அமர்த்தப்பட்டார். அவருடைய எதிரிகளுள் முதன்மையானவர்கள் மெரிடா ஆயர் ஹிதாசியஸும், ஒசோனோபா ஆயர் இத்தாசியஸும். இந்த இத்தாசியஸைப் பற்றிச் சுல்பீசியஸ் செவெரஸ் என்னும் அக்கால வரலாற்றாசிரியர் எழுதியிருப்பதைப் பாருங்கள். அவர் பிரிசில்லியனின் நண்பர் அல்லர். அவர் போதனை தவறென்றே எண்ணியவர். அவரே கூறுகிறார்: யாரேனும் படிப்பில் ஆர்வம் காட்டினாலும் நோன்பில் உறுதி காட்டினாலும், அவர்களையெல்லாம் பிரிசில்லியனின் கூட்டாளி என்று குற்றஞ்சாட்டும் அளவுக்கு இத்தாசியஸின் மதி மயங்கிப் போயிருந்தது!

வழக்கு திரியர் நகரில் இருந்த மாக்சிமஸ் பேரரசனிடம் சென்றது. இன்று ஜெர்மனியில் உள்ள நகரம் அது. 383-இல் கிளர்ச்சியால் ஆட்சியைப் பிடித்தவன் மாக்சிமஸ். தன்னை நேரிய சமயத்தின் காவலனாகக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. போதனை பற்றிய குற்றச்சாட்டு, சூனியம் செய்தார் என்னும் குற்றச்சாட்டாக மாறிற்று. சூனியத்துக்குச் சட்டத்தில் மரண தண்டனை உண்டு. தூர் நகரத்து ஆயர் மார்ட்டின் அப்போது திரியரில் இருந்தார். பிரிசில்லியனின் போதனையை அவரும் ஏற்றவர் அல்லர். ஆயினும், ஆயர்களின் தீர்ப்பால் சபையிலிருந்து விலக்குவதே போதும்; சபைக்குரிய வழக்கை உலக நீதிபதி விசாரிப்பது இதுவரை கேளாத கொடுமை என்று அவர் அரசனிடம் மன்றாடினார். அவர் ஊரில் இருந்தவரை விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. இரத்தம் சிந்துவதில்லை என்று வாக்குறுதியும் பெற்றே அவர் புறப்பட்டார். அவர் சென்ற பின் விசாரணை நடந்தது. 385-இல், பிரிசில்லியனும் எயுக்ரோசியா என்னும் கைம்பெண்ணும் வேறு சிலரும் தலை வெட்டப்பட்டனர். கிறிஸ்தவ அரசு ஒன்று பதிதர் என்ற பழியின்மேல் கிறிஸ்தவரைக் கொன்ற முதல் நிகழ்ச்சி இது என்று பொதுவாகக் கூறுவர். சட்டப்படி குற்றம் சூனியமே எனினும், மூலம் எது என்பது வெளிப்படை.

அதோடு முடியவில்லை. ஸ்பெயினுக்குப் படை அதிகாரிகளை அனுப்பிப் பதிதரைத் தேடிப்பிடிக்க மாக்சிமஸ் திட்டமிட்டான். பதிதரை அவ்வதிகாரிகள் எப்படி அறிவார்கள்? முகம் வெளுத்திருக்கிறதா, உடை எளியதா என்பதைப் பார்த்தே அறியும் நிலை வந்துவிடும் என்று சுல்பீசியஸ் எழுதுகிறார். நோன்பிருந்த நல்லோர் அனைவரும் அதில் அகப்பட்டிருப்பர். அந்தப் படையெடுப்பைத் தடுப்பதற்காக மார்ட்டின், தம் மனத்துக்கு ஒவ்வாமலே, இத்தாசியஸின் கட்சியாரோடு ஒருமுறை திருவிருந்தில் பங்குகொண்டார். அதை நினைந்து நினைந்து வருந்தினார். அதன் பின் தம் வாழ்நாளில் எந்த ஆயர் மன்றத்துக்கும் அவர் போகவில்லை.

இத்தாசியஸ் பின்னர்ப் பதவி இழந்தார். கொல்லப்பட்டவர்களின் உடல்கள் ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டு, சிறப்போடு அடக்கம் செய்யப்பட்டன. மக்கள் பிரிசில்லியனை இரத்தசாட்சியாகப் போற்றினர். வாளால் அழிக்க நினைத்த போதனை முன்னிலும் அதிகமாகப் பரவிற்று. இதுவும் சுல்பீசியஸ் கூறுவதே.

பிரிசில்லியன் உண்மையில் என்ன போதித்தார்? நெடுங்காலம் அவருடைய எதிரிகள் சொன்னதே நமக்குச் சான்றாக இருந்தது. 1885-இல் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில், கியோர்க் ஷெப்ஸ் என்னும் அறிஞர், ஆசிரியர் பெயரில்லாத பழைய இலத்தீன் ஏடு ஒன்றில் 11 கட்டுரைகளைக் கண்டார்; 1889-இல் அவற்றை வெளியிட்டார். பிரிசில்லியனோ அவரைச் சேர்ந்தவர்களோ எழுதியவை அவை. அவர்மேல் சுமத்தப்பட்ட மானிகேயக் கொள்கையை அக்கட்டுரைகள் வன்மையாகக் கண்டிக்கின்றன. எதிரிகள் கூறியது முற்றிலும் பொய் என்று அவற்றைக் கொண்டு நிறுவிவிட முடியாது. மயக்கம் தரும் பகுதிகளும் அவற்றில் உள்ளன. அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். ஆனால், மூன்றாம் கட்டுரை வேதத் தொகுதிக்குப் புறம்பான நூல்களைப் படிக்கலாமா என்பது பற்றியது. அந்நூல்களில் பதிதர் களைகளை விதைத்திருக்கலாம்; அதற்காகப் பயிர் முழுவதையும் தள்ளவேண்டியதில்லை; படிப்பவர் களையையும் கதிரையும் பிரித்துக்கொள்ளலாம் என்று அது வாதிடுகிறது.

அதனைப் படித்தபோது எனக்கு அந்தியோகியா ஆயரின் நினைவே வந்தது. ரோசஸ் சபைக்குச் செராப்பியன் எழுதிய கடிதத்தில் யூசேபியஸ் எடுத்துக்காட்டிய பகுதி மட்டுமே இன்று நம்மிடம் உள்ளது. அவர் ஒவ்வொன்றாகக் குறித்தனுப்பிய அந்தச் 'சில சேர்க்கை'களின் பட்டியல் காலத்தில் அழிந்துபோயிற்று.